பறக்கும் விமானத்தில் துப்பாக்கி சுட்டால் என்ன ஆகும்? பினாங்கிலிருந்து கிளம்பிய எம்எச்653 காட்டிய ஆபத்து

லூனாஸ், பாடாங் செராய், கூலிம் பக்கம் வசிக்கிறவர்களுக்கு ஏர்போர்ட் என்றால் பினாங்குதான். காரில் பாலத்தைத் தாண்டி பாயான் லெப்பாஸ் போய்விட்டால், அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் கோலாலம்பூர். பையை ஸ்கேன் இயந்திரத்தில் வைக்கும்போதும் பெல்ட்டைக் கழற்றும்போதும் சிலருக்கு எரிச்சல் வரும். "உள்நாட்டு விமானத்துக்கே இவ்வளவு கெடுபிடியா?" என்று நீங்களும் ஒரு தடவை முணுமுணுத்திருக்கலாம்.

இதே பினாங்கு - கோலாலம்பூர் பாதையில், 1977ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, எம்எச்653 என்ற மலேசிய விமானம் கிளம்பியது. 93 பயணிகள், 7 ஊழியர்கள். அது கோலாலம்பூரில் இறங்கவே இல்லை. நாட்டின் மறுமுனையில், ஜொகூரின் தஞ்சோங் கூப்பாங் சதுப்பு நிலத்தில் விழுந்து சிதறியது. 100 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

எம்எச்370, எம்எச்17 என்றால் எல்லாருக்கும் தெரியும். எம்எச்653 பற்றிக் கேட்டால் இளையவர்கள் பலர் முழிப்பார்கள். ஆனால், பறக்கும் விமானத்துக்குள் துப்பாக்கி சுட்டால் உண்மையில் எது ஆபத்து என்று தெரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான உதாரணம் நம் நாட்டில் வேறு கிடையாது. சினிமா சொல்லும் ஆபத்து ஒன்று, அந்த இரவு நடந்தது வேறொன்று.

முதலில் சினிமாவை ஓரமா வைப்போம்

படத்துல பார்த்திருப்பீங்க. நடுவானில் ஒரு குண்டு பாயும். ஜன்னல் உடையும். அடுத்த விநாடி ஆள், நாற்காலி, சாப்பாட்டுத் தட்டு எல்லாம் வெளியே உறிஞ்சப்படும். 1964இல் வந்த 'கோல்டுஃபிங்கர்' ஜேம்ஸ் பாண்ட் படத்தில் வில்லன் அப்படித்தான் போய்ச் சேர்வான். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ படங்கள் அதையே காட்டிக்கொண்டிருக்கின்றன.

இதில் பாதி உண்மை. சுமார் 35,000 அடி உயரத்தில் வெளியே இருக்கும் காற்றழுத்தம், கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய கால் பங்குதான். அந்தக் காற்றில் மனிதன் சுவாசித்து உயிரோடு இருக்க முடியாது. அதனால் விமானத்துக்குள் காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். உள்ளே இருக்கும் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருக்கும் அளவுக்கு வைக்கப்படும். கெந்திங் மலை உச்சி சுமார் 6,000 அடி. அங்கே நின்றால் எப்படி இருக்குமோ, கிட்டத்தட்ட அப்படி. ஆகவே விமானத்தின் உடல் ஊதிய டயர் மாதிரிதான். உள்ளே அழுத்தம் அதிகம், வெளியே குறைவு.

ஊதிய டயரில் ஆணி குத்தினால் காற்று போகும். விமானத்திலும் போகும். எவ்வளவு வேகமாகப் போகும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பலருக்குத் தெரியாத ஒன்று, விமானத்தில் ஏற்கெனவே ஓட்டை இருக்கு! வேண்டுமென்றே வைத்த ஓட்டை. இயந்திரங்களிலிருந்து காற்று இடைவிடாமல் உள்ளே வந்துகொண்டே இருக்கும். பழைய காற்று, பொதுவாக வால் பக்கம் இருக்கும் ஒரு வால்வு வழியாக வெளியே போய்க்கொண்டே இருக்கும். அந்த வால்வு எவ்வளவு திறக்கிறது, எவ்வளவு மூடுகிறது என்பதை வைத்துத்தான் உள்ளே அழுத்தம் நிர்ணயிக்கப்படுகிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடலாம். சாதாரணக் கைத்துப்பாக்கித் தோட்டாவின் விட்டம் 9 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நுனி அளவு. அந்த அளவு துளை வழியாக வெளியேறும் காற்று, தோராயமாக விநாடிக்கு 10 கிராம். நிமிடத்துக்கு முக்கால் கிலோகூட வராது. விமானத்துக்குள் வரும் புதுக் காற்று எவ்வளவு? விதிப்படி ஓர் ஆளுக்கு நிமிடத்துக்குக் கால் கிலோவாவது வர வேண்டும். நூறு பேர் இருந்தால் நிமிடத்துக்கு 25 கிலோ. ஆக, ஒரு துளை விழுந்தால் வால்வு கொஞ்சம் மூடிக்கொள்ளும். பயணிகளுக்கு ஒன்றும் தெரியாமல்கூடப் போகலாம். நாலைந்து துளைகள் விழுந்தாலும் கணக்கு பெரிதாக மாறாது.

உண்மையிலேயே இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 2008ஆம் ஆண்டு மார்ச் 22, அமெரிக்காவில் டென்வரிலிருந்து சார்லட் நகருக்குப் போன யுஎஸ் ஏர்வேஸ் விமானம். அங்கே பயிற்சி பெற்ற சில விமானிகள் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. தரையிறங்கும் நேரத்தில் விமானியின் கைத்துப்பாக்கி தவறுதலாக வெடித்து, தோட்டா விமானி அறையின் பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விட்டது. விமானம் பத்திரமாக இறங்கியது. யாருக்கும் காயம் இல்லை. அப்போது விமானம் தாழ்வாகப் பறந்ததால் உள்ளே வெளியே அழுத்த வித்தியாசமும் குறைவு என்பதைச் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

அப்ப ஜன்னல் பக்கம் உட்காருறவங்க பயப்பட வேண்டாமா?

கொஞ்சம் பயப்படலாம். துளை சின்னதாக இருக்கிற வரைக்கும்தான் மேலே போட்ட கணக்கு செல்லும். ஜன்னல் முழுசாகப் போய்விட்டால் கதை வேறு.

விமான ஜன்னலின் அடிப்பக்கம் ஒரு குட்டித் துளை இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சில பேர் அதைப் பார்த்துப் பதறி டிக்டாக் போடுகிறார்கள். ஜன்னலில் இருப்பது பல அடுக்கு அக்ரிலிக். வெளி அடுக்குதான் அழுத்தத்தைத் தாங்குகிறது. நடு அடுக்கு அதற்கு மாற்று ஆள். நீங்கள் தொடுகிற உள் அடுக்கு வெறும் கீறல் படாமல் இருக்க. அந்தக் குட்டித் துளை இருப்பது நடு அடுக்கில், அழுத்தத்தைச் சமன் செய்ய. தோட்டா எல்லா அடுக்கையும் ஊடுருவினால், துளையோடு நிற்கலாம். விரிசல் ஓடி மொத்தமாகவும் போகலாம்.

மொத்தமாகப் போனால் என்ன ஆகும் என்பதை 2018 ஏப்ரல் 17 அன்று அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் 1380 விமானத்தில் பார்த்தார்கள். அது துப்பாக்கி விவகாரம் இல்லை. இயந்திரம் உடைந்து, அதன் துண்டு பட்டு ஜன்னல் போனது. பக்கத்தில் இருந்த பயணி பாதி வெளியே இழுக்கப்பட்டார். சக பயணிகள் அவரை உள்ளே இழுத்தும் உயிர் பிழைக்கவில்லை. ஆனால் விமானம் இறங்கியது, மற்றவர்கள் பிழைத்தார்கள்.

இன்னும் பெரிய ஓட்டை வேண்டுமா? 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா 243 விமானத்தின் முன்பக்கக் கூரையே சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்ந்து போனது. வானம் பார்த்தபடி பயணிகள் உட்கார்ந்திருந்தார்கள். பணிப்பெண் ஒருவர் வெளியே வீசப்பட்டு இறந்தார். பெல்ட் போட்டிருந்த பயணிகள் எல்லாரும் உயிரோடு இறங்கினார்கள். எம்எச்653 போலவே அதுவும் போயிங் 737-200 ரகம்.

அழுத்தம் போய்விட்டால் உங்களுக்கு இருக்கிற அவகாசம் ரொம்பக் குறைவு. 35,000 அடியில் ஆக்சிஜன் இல்லாமல் மூளை தெளிவாக வேலை செய்வது அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரைதான். அதனால்தான் மேலிருந்து முகமூடி விழுந்தவுடன் முதலில் உங்களுக்குப் போட்டுக்கொண்டு பிறகு பிள்ளைக்குப் போடச் சொல்கிறார்கள். அந்த முகமூடியில் ஆக்சிஜன் சுமார் 12 நிமிடம் வரும். அதற்குள் விமானி விமானத்தை 10,000 அடிக்குக் கீழே கொண்டுவந்துவிடுவார்.

கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை படியுங்க. விமானி கொண்டுவந்துவிடுவார். சவுத்வெஸ்ட், அலோஹா இரண்டிலும் விமானிகள் உயிரோடு, இருக்கையில், கைகளை இயந்திரத்தின் மேல் வைத்தபடி இருந்தார்கள். அதனால்தான் கூரை போன விமானம்கூடத் தரையைத் தொட்டது.

எம்எச்653: அந்த இரவு

1977இல் பினாங்குப் பாலமே கிடையாது. அது திறக்கப்பட்டது 1985இல். கெடா பக்கமிருந்து விமானம் ஏறப் போகிறவர்கள் பட்டர்வொர்த் போய், பெரி ஏறி, தீவுக்குப் போய், அங்கிருந்து பாயான் லெப்பாஸ் போக வேண்டும். விமானப் பயணம் என்பது தோட்டத்து ஜனங்களுக்கு எட்டாத காலம் அது. பயணிகளில் அதிகாரிகளும் வியாபாரிகளும் வெளிநாட்டவர்களும் இருந்தார்கள். மலேசியாவின் விவசாய அமைச்சர் அலி ஹாஜி அகமட், பொதுப்பணித் துறைத் தலைவர் மாஃபுஸ் காலிட், ஜப்பானுக்கான கியூபத் தூதர் மாரியோ கார்சியா இன்சௌஸ்தெகி ஆகியோர் அதில் இருந்தனர்.

விமானத்தை ஓட்டியவர் கேப்டன் ஜி.கே. கஞ்சூர். இரவு 7.21க்குக் கிளம்பி, சுபாங்கில் இறங்கத் தயாராகி, பத்து ஆராங் வட்டாரத்துக்கு மேல் தாழ்ந்து வந்துகொண்டிருந்தபோது, விமானத்தில் கடத்தல்காரர் இருப்பதாகக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குத் தகவல் வந்தது. சுபாங்கில் அவசர ஏற்பாடுகள் தொடங்கின. சில நிமிடங்களில், சிங்கப்பூருக்குப் போகிறோம் என்ற தகவல் வந்தது. விமானம் சுபாங்கில் இறங்காமல் தெற்கே திரும்பியது. அன்றைய சிங்கப்பூர் விமான நிலையம் பாயா லெபார். சாங்கி திறக்க இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன.

அங்கேயும் விமானம் போய்ச் சேரவில்லை. ஜலசந்திக்கு இந்தப் பக்கமே, தஞ்சோங் கூப்பாங் கிராமத்து மக்கள் வெடிச்சத்தம் கேட்டு ஓடிப் பார்த்தபோது சதுப்பு நிலத்தில் எரியும் சிதறல்கள்தான் கிடந்தன. விமானம் ஏறக்குறைய செங்குத்தாக, மிக வேகமாக விழுந்திருந்தது. இன்று மலேசியா - சிங்கப்பூர் இரண்டாவது இணைப்புப் பாலம் இருக்கிற பக்கம்தான் அந்த இடம்.

அந்தச் சேற்றிலிருந்து எடுக்கப்பட்ட ஒலிப்பதிவுக் கருவிதான் நடந்ததைச் சொன்னது. விமானி அறையில் பேச்சு. பிறகு துப்பாக்கிச் சத்தம். இரு விமானிகளும் சுடப்பட்டுச் செயலிழந்ததால், விமானத்தைக் கட்டுப்படுத்த ஆளில்லாமல் போனது என்ற முடிவுக்கு விசாரணை வந்தது.

சுவரில் விழுந்த துளை அந்த விமானத்தை வீழ்த்தவில்லை. இயந்திரம் பழுதாகவில்லை. எரிபொருள் தீரவில்லை. ஓட்டுகிறவர்கள் இல்லாமல் போனார்கள், அவ்வளவுதான்.

சுட்டது யார்? இன்றுவரை உறுதியாகவில்லை. முதலில் எல்லாரும் சந்தேகப்பட்டது ஜப்பானியச் செம்படையை. அதற்குக் காரணமும் இருந்தது. 1975 ஆகஸ்டில் அந்த அமைப்பு கோலாலம்பூரில் அமெரிக்கத் துணைத் தூதரகம் இருந்த ஏஐஏ கட்டடத்தைப் பிடித்து, பலரைப் பிணைபிடித்தது. 1977 செப்டம்பர் 28இல், பம்பாயிலிருந்து கிளம்பிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தைக் கடத்தி டாக்காவில் இறக்கியது. அந்தச் சூடு ஆறுவதற்குள் எம்எச்653. ஆனால் அவர்கள்தான் என்று எதுவும் நிரூபிக்கப்படவில்லை. யாரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படவும் இல்லை.

இறந்தவர்களை அடையாளம் காண முடியாத நிலை. டிஎன்ஏ பரிசோதனை வராத காலம் அது. ஜொகூர் பாருவில், கெபுன் தேவில் எல்லாரையும் ஒன்றாக அடக்கம் செய்தார்கள். எந்த மதமாக இருந்தாலும் அங்கே ஒரே இடம்தான். கொள்ளி வைக்கவோ முகம் பார்க்கவோ எந்தக் குடும்பத்துக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. 2014 வரை மலேசிய விமான நிறுவனத்தின் மிக மோசமான பேரிழப்பாக இதுவே இருந்தது.

ஆட்டோபைலட் பார்த்துக்கொள்ளாதா?

இந்தக் கேள்வி நியாயமானது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளும். உயரத்தையும் திசையையும் அது தொடர்ந்து பிடித்திருக்கும். ஆனால் கட்டுப்பாட்டுத் தண்டைப் பலமாக யாராவது தள்ளினாலோ இழுத்தாலோ பல விமானங்களில் அது விடுபட்டுவிடும். இறுகிய இடத்தில் கைகலப்பு நடந்தாலும் அப்படி ஆகலாம். சுடப்பட்டவர் முன்னால் சரிந்து, உடல் எடை முழுவதும் தண்டின் மேல் விழுந்தாலும் ஆகலாம்.

அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதற்குப் பள்ளியில் விட்ட காகித விமானத்தை நினைத்துப் பாருங்கள். மூக்கு மேலே போகும், வேகம் குறையும். வேகம் குறைந்ததும் மூக்கு கீழே சாயும், வேகம் கூடும். வேகம் கூடியதும் மறுபடி மேலே. ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்கும். பெரிய விமானமும் அப்படியே ஆடும். அனுபவமுள்ள கை தொட்டால் சில விநாடிகளில் அடங்கிவிடும். அனுபவமில்லாத கை பதற்றத்தில் இழுத்தால் ஆட்டம் கூடத்தான் செய்யும்.

இன்று சில சிறு விமானங்களில், விமானி மயங்கிவிட்டால் பயணி ஒரு பொத்தானை அழுத்தித் தானாகத் தரையிறங்க வைக்கும் வசதி வந்திருக்கிறது. நீங்கள் பினாங்கில் ஏறும் பெரிய விமானங்களில் அது இல்லை.

முன்னும் பின்னும் நடந்தவை

எம்எச்653க்கு 13 ஆண்டுகளுக்கு முன், 1964 மே 7 அன்று, கலிபோர்னியாவில் பசிபிக் ஏர்லைன்ஸ் 773 விமானத்தில் ஒரு பயணி விமானி அறைக்குள் போய் இருவரையும் சுட்டார். 44 பேரும் இறந்தார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில், பறக்கும்போது விமானி அறைக் கதவு பூட்டியே இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. அந்தக் காலத்துக் கதவு பூட்டியிருந்தாலும் பெரிய தடை கிடையாது. பலமாக உதைத்தால் திறக்கும். பணிப்பெண்ணின் கழுத்தில் கத்தி வைத்தால் உள்ளேயிருந்தே திறப்பார்கள்.

பத்து ஆண்டுகளுக்குப் பின், 1987 டிசம்பர் 7. மறுபடியும் கலிபோர்னியா. பிஎஸ்ஏ 1771. வேலையிலிருந்து நீக்கப்பட்ட விமான நிறுவன ஊழியர் ஒருவர், தன் பழைய மேலாளர் பயணம் செய்த விமானத்திலேயே ஏறினார். கையில் பெரிய ரகத் துப்பாக்கி. எப்படி உள்ளே கொண்டு போனார்? ஊழியர் அட்டை இன்னும் அவரிடம் இருந்தது. அதைக் காட்டிச் சோதனையைத் தாண்டினார். நடுவானில் மேலாளரைச் சுட்டார், பிறகு விமானிகளைச் சுட்டார். 43 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே விமான ஊழியர்களும் பயணிகளைப் போலவே சோதனைக்கு உட்பட வேண்டும், வேலை போனால் உடனே அட்டையை வாங்கிவிட வேண்டும் என்ற கெடுபிடி வந்தது. விமானிகளும் பணிப்பெண்களும் உங்களோடு வரிசையில் நின்று பெட்டியை ஸ்கேன் செய்வதைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருந்தால், காரணம் இதுதான்.

1964, 1977, 1987. மூன்று விமானங்கள், மூன்று வெவ்வேறு சம்பவங்கள். மூன்றிலும் விமானிகளைத் தோட்டா எட்டிய பிறகு யாரும் மிஞ்சவில்லை.

நல்லவர் கையில் துப்பாக்கி இருந்தால்?

"ஒரு போலீஸ்காரரை உள்ளே உட்கார வைத்தால் பிரச்சினை தீர்ந்ததே" என்று தோன்றும். இஸ்ரேலின் எல் அல் நிறுவனம் அதைத்தான் செய்தது. 1970 செப்டம்பர் 6 அன்று, எல் அல் 219 விமானத்தைக் கடத்த முயன்றவர்களில் ஒருவரை விமானக் காவலர்கள் சுட்டு வீழ்த்தினார்கள். இன்னொருவரைப் பிடித்தார்கள். விமானி திடீரென விமானத்தை மூக்குக் கீழாகச் சாய்த்ததில் நின்றுகொண்டிருந்த கடத்தல்காரர்கள் நிலை தடுமாறிப் போனார்கள். விமானம் லண்டனில் பத்திரமாக இறங்கியது. விமானி அறைக் கதவைக் கடத்தல்காரர்களுக்குத் திறந்துவிடவில்லை என்பது இதில் முக்கியம்.

1986 டிசம்பர் 25 அன்று, பாக்தாத்திலிருந்து அம்மானுக்குப் போன இராக்கி ஏர்வேஸ் 163 விமானத்திலும் காவலர்கள் இருந்தார்கள். கடத்தல்காரர்களோடு மோதல் வெடித்தது. பயணிகள் பகுதியில் ஒரு கையெறி குண்டு வெடித்தது, பிறகு விமானி அறையிலும் ஒன்று. விமானம் சவூதி அரேபியாவில் அரார் அருகே விழுந்து, 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

விமானத்தின் உள்ளமைப்பையும் யோசியுங்கள். 737 விமானத்தின் உள் அகலம் சுமார் மூன்றரை மீட்டர். ஒரு வரிசையில் ஆறு பேர், தோளோடு தோள். நாற்காலியின் பஞ்சும் துணியும் தோட்டாவைத் தடுக்காது. குறி தவறினால் அது யாராவது ஒருவர் மேல்தான் போகும். ஓட இடமில்லை, ஒளிய இடமில்லை, மருத்துவமனை அரை மணி நேரத்துக்கு அப்பால். சுவரில் பட்டால் நொறுங்கிவிடும் தோட்டாக்களும் இருக்கின்றன. அவை உலோகத்துக்குத்தான் கருணை காட்டும், மனிதருக்குக் காட்டாது.

நம் ஊர்க் கதை ஒன்று. 1991 மார்ச் 26 அன்று சுபாங்கிலிருந்து சிங்கப்பூர் போன எஸ்கியூ117 விமானம் கடத்தப்பட்டது. விமானம் சாங்கியில் இறங்கியது. பல மணி நேரம் பேச்சு நடந்தது. மறுநாள் காலை கமாண்டோக்கள் புகுந்து நான்கு கடத்தல்காரர்களையும் சுட்டுக் கொன்றார்கள். பயணிகளில் யாரும் உயிரிழக்கவில்லை. அந்தத் துப்பாக்கிச் சூடு முழுவதும் தரையில், நின்ற விமானத்தில் நடந்தது. விமானத்தை எப்படியாவது தரைக்குக் கொண்டுவந்து விடுவதுதான் முதல் வேலை என்று பாதுகாப்பு அதிகாரிகள் நினைப்பது இதனால்தான்.

அந்தக் கதவு

2001 செப்டம்பர் 11க்குப் பிறகு உலகம் விழித்துக்கொண்டது. 2003 நவம்பர் 1 முதல் பெரிய பயணிகள் விமானங்களுக்கு, கைத்துப்பாக்கித் தோட்டாவையும் குண்டுச் சிதறலையும் தாங்கும் விமானி அறைக் கதவு கட்டாயம் என்று அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விதித்தது. வெளியே ரகசிய எண் பலகை இருக்கும். சரியான எண்ணைப் போட்டாலும், உள்ளேயிருந்து விமானி மறுத்துவிட்டால் கதவு திறக்காது. விமானி கழிப்பறைக்கு வெளியே வரும்போது, பணியாளர்கள் சாப்பாட்டு வண்டியை நடைபாதையில் குறுக்கே நிறுத்தி நிற்பதைச் சில விமானங்களில் பார்க்கலாம். கதவு திறந்திருக்கும் அந்தச் சில விநாடிகளுக்காக.

இந்தக் கதவு 1977இல் இருந்திருந்தால் எம்எச்653 தப்பியிருக்குமா? தப்பியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்றுதான் சொல்வேன். பயணிகள் பகுதியில் எத்தனை தோட்டா வெடித்தாலும், கதவுக்குப் பின்னால் இரண்டு பேர் உயிரோடு இருந்தால் சுபாங்கில் இறங்கியிருக்கலாம்.

ஆனால் கதவு எல்லாப் பக்கமும் காக்காது. 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தின் துணை விமானி, கேப்டன் வெளியே போன நேரத்தில் உள்ளேயிருந்து பூட்டிக்கொண்டு, விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர் இறந்தார்கள். வெளியே நின்ற கேப்டனால் அந்தக் கதவை உடைக்க முடியவில்லை. எதிரியை வெளியே வைக்கச் செய்த கதவு அன்றைக்கு வேறு வேலை செய்தது.

உங்களுக்கு இதில் என்ன?

கதவு கடைசி அரண். முதல் அரண் நீங்கள் பெல்ட்டைக் கழற்றும் அந்த இடம். அதற்கு முந்தைய பகுதி அவ்வளவு காவலான இடமில்லை. 2024 ஏப்ரல் 14 அன்று கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் வருகை மண்டபத்தில் ஒருவர் துப்பாக்கியால் சுட்டதில் மெய்க்காவலர் ஒருவர் படுகாயமடைந்தார். வழியனுப்பவும் வரவேற்கவும் யார் வேண்டுமானாலும் வந்து போகிற பகுதி அது, சோதனை வளையத்துக்கு வெளியே இருப்பது. அதே ஆள் அதே துப்பாக்கியோடு விமானத்தில் ஏற முயன்றிருந்தால், ஸ்கேன் இயந்திரம் ஒன்றுதான் குறுக்கே நின்றிருக்கும்.

தரையிலிருந்து சுடுவது தனி ஆபத்து. 2014 ஜூன் 24 அன்று பெஷாவரில் இறங்கிக்கொண்டிருந்த பாகிஸ்தான் விமானத்தின் மேல் கீழேயிருந்து சுட்டதில் பயணி ஒருவர் இறந்தார். 2024 நவம்பரில் ஹைட்டித் தலைநகரில் இறங்க வந்த அமெரிக்க விமானத்தின் மேல் தோட்டாக்கள் பாய்ந்து பணியாளர் காயமடைந்தார். இரண்டிலும் விமானம் பத்திரமாக இறங்கியது.

கடைசியாக, பையைப் பற்றி. நிஜத் துப்பாக்கியை நீங்கள் மறந்து கொண்டு போகப் போவதில்லை. ஆனால் தோட்டா வடிவச் சாவிக்கொத்து, பழைய தோட்டா உறை, தம்பியின் பொம்மைத் துப்பாக்கி, லைட்டர் துப்பாக்கி போன்றவை பையின் அடியில் கிடந்து மாட்டிவிடும். திரையில் பார்க்கிற அதிகாரிக்கு அதன் உருவம்தான் தெரியும், உள்ளே மருந்து இருக்கா இல்லையா என்பது தெரியாது. நிஜத் தோட்டாவாக இருந்துவிட்டால், 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியை மட்டுமல்ல, தோட்டாவையும் சேர்த்துத்தான் பேசுகிறது. பையைக் கட்டும் முன் ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்க. பாயான் லெப்பாஸில் விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றால், விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது.